ஆணி பூட்ஸுக்கு ஆபத்து வராமல்

வழுக்கல் தடுப்புக் குழுவின் முதல் கூட்டத்தில் யார் யார் எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அன்று அந்தக் குழு எடுத்த ஒரே முடிவு அதுதான்.

நீள மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழுத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் கிடங்கு அதிகாரி, மடியில் சாவிக்கொத்தோடு. இடப்பக்கம் சட்ட ஆலோசகர். கண் கூசுகிறது என்று ஒரு முறையும் காற்று வரவில்லை என்று ஒரு முறையும் இடம் மாறி, கடைசியில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தவர். மேசையின் கால்மாட்டில் குறிப்பெடுக்கும் செயலாளர் அம்மா. அவருக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் 'தொழிலாளர் பிரதிநிதி' என்று எழுதிய அட்டை. பிரதிநிதி வரவில்லை. கூட்டம் வேலை நேரத்தில் நடந்தது. வேலை நேரத்தில் வேலையை விட்டு வந்தால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. கதவோரமாக, டீத்தட்டை ஏந்தியபடி, உட்காராமல் நின்றவர் பூனையார்.

நடப்பது காதில் விழாது என்பதால் அந்தப் பெயர். தலைவர் பேசிக்கொண்டே கையை நீட்டினால் டீ அங்கே இருக்கும். எப்போது வந்தது, யார் வைத்தது என்று தெரியாது. வாரியத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கதவோரத்தில்தான் நிற்கிறார். ஆனால் அன்றைக்கு மட்டும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட்டமே அவர் எழுதிய மனுவின் மேல்தான்.

நகரத்துக்குக் குடிநீர் தருகிற நீர்த்தேக்கம் அந்த வாரியத்துக்குச் சொந்தம். கரையின் உள்பக்கம் கல் பாவிய சரிவு. மழைக்காலத்தில் சரிவு முழுக்கப் பாசி படரும். விட்டுவைத்தால் அது மதகு வாயில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஆட்கள் இறங்கிச் சுரண்ட வேண்டும். சரிவின் அடியில் தண்ணீர். மதகுப் பக்கம் அந்தத் தண்ணீருக்கு ஓர் இழுப்பு உண்டு. பூனையாரின் மகன் அந்தச் சுரண்டும் ஆட்களில் ஒருவன்.

மகன் என்ன வேலை செய்கிறான் என்று பூனையாருக்குத் தெரியும்; எப்படிச் செய்கிறான் என்று தெரியாது. ஒரு நாள் ஏதோ காகிதம் கொடுக்கக் கரைக்குப் போனவர் எட்டிப் பார்த்தார். பச்சைப் பசேலென்று பளபளக்கிற கல்லின் மேல், ரப்பர் பூட்ஸைச் சுற்றிக் கோணித்துணி கட்டிக்கொண்டு, மகன் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"டேய், கிடங்குல ஆணி பூட்ஸ் பெட்டி பெட்டியா இருக்குடா. அடியில ஆணி வெச்சது. பாசி என்ன, ஐஸ்ல நின்னாலும் வழுக்காதாம். நானேதான் வண்டியிலேர்ந்து இறக்கினேன். ஒரு மனு எழுதிப் போட்டா முடிஞ்சது."

மகன் கை கழுவிக்கொண்டிருந்தான். "அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எழுதாதீங்க."

"ஏன்டா?"

"இப்ப நாங்கன்னு சில பேர் இருக்கோம்கறதே அவங்களுக்குத் தெரியாது. நிம்மதியா இருக்கோம். நீங்க எழுதினா தெரிஞ்சிடும்."

மருமகள் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். அந்தக் கோணிகள் அவள் கைவேலை. சும்மா சுற்றிக் கட்டினால் அவிழ்கிறது என்று அடியில் இரண்டு மடிப்பு வைத்து, குதிகாலில் பட்டை தைத்து, எல்லா ஆட்களுக்கும் கொடுத்திருந்தாள்.

"என் கோணிக்கு என்ன மாமா குறைச்சல்? போன மழை முழுக்க இதைப் போட்டுக்கிட்டுத்தானே இறங்கினாங்க. ஒருத்தர் விழுந்தாங்களா?"

"உன் தையலைக் குத்தம் சொல்லலைம்மா. வாரியத்து ஆளு கோணியைச் சுத்திக்கிட்டு நிக்கலாமா? நம்ம ஆபீஸ்ல இல்லாததா? முறைப்படி கேட்டா முறைப்படி கொடுப்பாங்க."

முறைப்படி கேட்டார். 'உயர்திரு' தொடங்கி 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' வரைக்கும் ஒரு எழுத்து அடிக்காமல், திருத்தாமல் எழுதி, ஓரம் விட்டு மடித்துக் கொடுத்தார். வாரியம் அதைப் படித்து நெகிழ்ந்துபோய் ஒரு குழுவே அமைத்துவிட்டது.

இரண்டாவது கூட்டத்தில் கிடங்கு அதிகாரி பேசினார். பூட்ஸை அவர் தன் வாயால் பூட்ஸ் என்று சொன்னதே இல்லை.

"கூர்முனை பொருத்திய பாதக் காப்புகளை வழங்கறதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லைங்க. சந்தோஷமா வழங்குவேன். ஆனா கிடங்கு விதி என்ன சொல்லுது? எந்த நிலையில போச்சோ அந்த நிலையில திரும்பி வரணும். கல்லு மேல நடந்தா ஆணி தேயும். தேய்ஞ்ச ஆணிக்கு யார் பதில் சொல்றது? இத்தனை வருஷமா ஒரு ஆணி தேயாம கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காப்பாத்திட்டு வரேன். மழைக்காலத்துல ஈரம் ஏறக்கூடாதுன்னு அலமாரிக்குள்ள பல்பு போட்டு வெச்சிருக்கேன். என் வீட்ல என் பையன் ரூம்ல அந்த வசதி கிடையாது."

தலைவர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். பூனையாரும் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மரியாதைக்கு, இரண்டு விரலால் உள்ளங்கையைத் தட்டினார்.

எதையும் கண்ணால் பார்க்காமல் முடிவெடுக்கிற ஆள் தான் இல்லை என்றார் தலைவர். ஒரு ஜோடி வரவழைக்கப்பட்டது. கிடங்கு அதிகாரி அதைத் துணி சுற்றி, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வருவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். தலைவர் அதை மாட்டிக்கொண்டு கூட்ட அறையிலேயே நடந்து பார்த்தார். அந்த அறைத் தரை வழவழப்பானது. குழு உறுப்பினர்கள் வழுக்கிவிடக் கூடாதென்று அந்த வாரம்தான் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். ஆணிகள் கம்பளத்தில் நன்றாக இறங்கின. முதல் அடியில் தலைவர் நின்றார். இரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை. பூனையார் மண்டியிட்டு ஒரு காலை விடுவிப்பதற்குள் இன்னொரு கால் இறங்கியது. கடைசியில் தலைவரை பூட்ஸிலிருந்து மேலே தூக்கி எடுத்து, பூட்ஸைக் கம்பளத்திலிருந்து தனியே பிடுங்க வேண்டியதாயிற்று.

"பிடிப்பு திருப்திகரம்னு எழுதிக்குங்க," என்றார் தலைவர், காலுறையோடு நாற்காலியில் சாய்ந்தபடி.

செயலாளர் அம்மா எழுதிக்கொண்டார். அடுத்த இரண்டு கூட்டங்கள் கம்பளத்துக்கு யார் பொறுப்பு என்பதிலேயே கழிந்தன.

வீட்டில் சாப்பிட உட்காரும்போது மகன் கேட்பான். "என்னப்பா, எங்க பூட்ஸ் எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"வந்துக்கிட்டே இருக்குடா. பெரிய விஷயமில்லையா, நாலும் யோசிப்பாங்க."

"கம்பளம் வரைக்கும் வந்துடுச்சுங்க," என்பாள் மருமகள். இருவரும் சிரிப்பார்கள். பூனையாரும் சிரித்துவிட்டு, ஆபீஸைப் பார்த்துச் சிரித்த குற்றத்துக்காக உடனே முகத்தைச் சரிசெய்துகொள்வார்.

பிறகு குழு நேரில் கள ஆய்வுக்குப் போனது. மழை நாளில் சரிவு ஆபத்தானது. உறுப்பினர்கள் உயிர் முக்கியம். ஆகவே நல்ல வெயில் அடிக்கிற ஒரு நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கல் அனலாகக் காய்ந்திருந்தது. சட்ட ஆலோசகர் வெறுங்காலோடு நாலு அடி இறங்கிப் பார்த்துவிட்டு, சூடு தாங்காமல் துள்ளி மேலே வந்து, வழுக்குவதற்கான எந்த முகாந்திரமும் இல்லை என்று தெரிவித்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது: கொட்டகைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கோணிகள்.

"இது என்ன?"

மகனோடு வேலை பார்க்கிற நெட்டையன் முன்னால் வந்தான். "கால்ல கட்டிக்கறதுங்க. நல்லாப் பிடிக்குதுங்க."

"யார் அனுமதிச்சது?"

"யாரும் அனுமதிக்கலைங்க. அதுவாப் பிடிக்குது."

சட்ட ஆலோசகர் ஒரு கோணியை இரண்டு விரலால் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாரியத்துக்குன்னு அங்கீகரிக்கப்பட்ட பாதக் காப்பு இருக்கும்போது, அங்கீகாரம் இல்லாத ஒண்ணை மாட்டிக்கிட்டு ஒருத்தர் விழுந்தா, சட்டம் நம்மளைக் கேட்கும். ஒண்ணுமே மாட்டிக்காம விழுந்தா, அது அவருக்கும் சரிவுக்கும் உள்ள விஷயம்."

தலைவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. குழு அமைத்து இத்தனை நாளில், முடிவெடுக்கக்கூடிய ஒரு பொருள் கைக்குக் கிடைத்துவிட்டது. பூட்ஸ் பற்றிய இறுதி முடிவு வரும்வரை கோணிக்குத் தடை.

தடை உத்தரவைக் கொட்டகையில் ஒட்ட வேண்டும். ஆபீஸில் எதை ஒட்டுவதானாலும் பூனையார்தான். பசை டப்பாவோடு கரைக்குப் போனார். மகன் திண்டில் உட்கார்ந்து சுரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீங்களே ஒட்டறீங்களாப்பா?"

பூனையார் காகிதத்தின் மூலைகளை நீவி நீவி விட்டுக்கொண்டே இருந்தார். "கொஞ்ச நாளைக்குத்தான்டா. பூட்ஸ் வர்ற வரைக்கும். மனு போட்டது நான், ஒட்டினது நான், என் பையனே மீறினான்னா அவங்க முகத்துல எப்படிடா முழிப்பேன்? நாலு பேர் முன்னாடி ஒரு சொல் வாங்காம இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்."

மகன் தலையை ஆட்டினான். "சரிப்பா. மூலையில பசை பத்தலை பாருங்க," என்றான்.

மழை பிடித்தது. விடாமல் பெய்தது. பாசி வளர்ந்தது.

அன்றைக்குக் குழுவின் முன்னால் இருந்த பொருள், பூட்ஸுக்கு அளவெடுக்கும்போது ஆட்கள் காலுறையுடன் வர வேண்டுமா, வெறுங்காலுடனா என்பது. கிடங்கு அதிகாரி காலுறைப் பக்கம். சட்ட ஆலோசகர் வெறுங்கால் பக்கம். வாதம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த ஃபோன் அடித்தது.

"கூட்டம் நடக்குது," என்றார் தலைவர், ஃபோனைப் பார்த்து.

அது நின்று, மறுபடி அடித்தது. ஃபோன் பூனையாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தின்போது உறுப்பினர் அல்லாதவர் அதைத் தொடக் கூடாது. மூன்றாம் முறை அடித்தபோது, ரிசீவரை எடுத்துக் கீழே வைக்கும்படி தலைவர் சொன்னார். செயலாளர் அம்மா எடுத்தார். வைக்கவில்லை, காதில் வைத்தார். கேட்டார். அப்புறம் அவர் பூனையாரைப் பார்த்தார். அந்த அறையில் யாரும் அதுவரை அவரை நேராகப் பார்த்தது கிடையாது. பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த தட்டை எங்கே வைப்பதென்று மட்டும் புரியவில்லை. மேசை உறுப்பினர்களுடையது. தரையில் கம்பளம். தட்டோடுதான் அவர் கரைக்குப் போய்ச் சேர்ந்தார் என்கிறார்கள்.

மதகுக் கம்பியிலிருந்து மகனை எடுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். கால் இரண்டிலும் வெறும் ரப்பர் பூட்ஸ்.

குழு எழுந்து நின்று மௌனம் அனுசரித்தது. பிறகு உட்கார்ந்தது. காலுறையா வெறுங்காலா என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

துக்கம் விசாரிக்க வாரியத்திலிருந்து செயலாளர் அம்மா மட்டும் வந்தார். மருமகள் அவருக்குப் பாயை விரித்துப் போட்டாள். தையல் மெஷினுக்குக் கீழே வெட்டி வைத்த கோணித்துண்டுகள் அப்படியே கிடந்தன. "மாமாவைச் சாப்பிடச் சொல்லுங்கம்மா. நான் சொன்னா கேட்க மாட்டேங்கறாரு," என்றாள், கடைசியாக.

பூனையார் வேலைக்குத் திரும்பிய அன்றே சிறப்புக் கூட்டம். இருக்கைகள் முன்போலவே. தொழிலாளர் பிரதிநிதியின் நாற்காலி மட்டும் இடத்தை அடைக்கிறது என்று வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். டீ முன்போலவே சத்தமில்லாமல் வந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நம்ம பூனையார் குடும்பத்துல நடந்தது, நம்ம எல்லாருக்குமே ஒரு இழப்பு. அதுவும் குழு இவ்வளவு சுறுசுறுப்பா வேலை செஞ்சுக்கிட்டிருக்கிற நேரத்துல. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா எங்க அறிக்கை வந்திருக்கும்."

"அவசரப்பட்டாப்ல," என்றார் சட்ட ஆலோசகர் வருத்தத்தோடு.

கிடங்கு அதிகாரி பெருமூச்சு விட்டார். "மனசு கேட்கலைங்க. ஆனா ஒரு விதத்துல நல்லவேளைன்னுதான் சொல்லணும். பாதக் காப்பை வழங்கியிருந்தோம்னா அதுவும் தண்ணிக்குள்ள போயிருக்கும்."

செயலாளர் அம்மா பேனாவை மூடினார். குழுவில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் முறை. "சார், அந்தக் கோணித் தடையையாவது எடுத்துடலாமே. மத்தவங்க இன்னும் இறங்கிக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"எதுக்கும்மா எடுக்கணும்? தடை போட்டதுக்கு அப்புறம் கோணி கட்டிக்கிட்டு ஒருத்தராவது விழுந்தாங்களா? நல்லா வேலை செய்யற ஒரு உத்தரவை எடுக்கறதா?" என்றார் தலைவர்.

சட்ட ஆலோசகர் விசாரணைக் குறிப்பைப் புரட்டினார். "இதுல ஒண்ணு கவனிக்கணும். இறந்தவர் கால்ல கோணி இல்லை. அதாவது, குழுவோட உத்தரவைக் கடைசி நிமிஷம் வரைக்கும் மதிச்சிருக்கார். இந்தக் காலத்துல யார் சார் மதிக்கறாங்க? இதை நாம அங்கீகரிக்கணும்."

அங்கீகரித்தார்கள். ஏகமனதாக. இறந்தவரின் மனைவிக்கு ஒரு பாராட்டுக் கடிதம். தலைவரே ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, செயலாளர் அம்மா தலை நிமிராமல் எழுதினார்: 'தங்கள் கணவர், அங்கீகாரமற்ற கோணித்துணிக் காலணிகளை அறவே தவிர்த்து, பணியாளர் அனைவருக்கும் முன்மாதிரியாக விளங்கினார் என்பதை வாரியம் பெருமிதத்துடன்…'

கதவோரம் நின்றவருக்கு அது வேறு யாரோ வீட்டுக் கடிதம்போல இருந்தது. 'பெருமிதம்' என்ற சொல் நன்றாக இருக்கிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் அந்தக் கோணிகளைத் தைத்தவள் யார் என்று நினைவு வந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, படிக்கட்டில் நெட்டையன் நனைந்துபோய் நின்றிருந்தான்.

"பெரியப்பா, உள்ள என்ன சொன்னாங்க? தடை போச்சா?"

"இல்லைப்பா. இரு, நான் இன்னொரு மனு எழுதிப் போடறேன். இந்தத் தடவை விவரமா…"

நெட்டையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம் பெரியப்பா. எங்களுக்காக இனிமே நீங்க எதுவும் எழுத வேண்டாம்."

பூனையார் தோள் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்; அவன் வாங்கவில்லை.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நாங்க யாரும் கோணியை விடலை. பேண்ட்டை இழுத்து விட்டுக்கிட்டு, வெளிய தெரியாம கட்டிக்கிட்டுத்தான் இறங்கறோம். அன்னிக்கும் கட்டியிருந்தோம். அவன் மட்டும்தான் கட்டலை. 'மாட்டிக்கோடா, எவன் வந்து பார்க்கப் போறான்'னு நான் கையில திணிச்சேன். 'எங்கப்பா ஒட்டின காகிதம்டா'ன்னு சொல்லிட்டு இறங்கிட்டான்."

பிறகு நெட்டையனுக்கு வேலை நேரம் என்பதால் போனான். பூனையாருக்கும் வேலை நேரம்தான். உள்ளே மணி அடித்தது.

தட்டச்சு முடிந்து, தலைவர் கையெழுத்தும் முத்திரையும் விழுந்து, கடிதம் செயலாளர் அம்மாவிடம் வந்திருந்தது. உறையின் மேல் பூனையாரின் வீட்டு விலாசம்.

"இதை நான் வேற யார்கிட்டயாவது கொடுத்து ஒட்டச் சொல்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

"இல்லைம்மா. இது என் வேலை."

இருந்தாலும் அவர் கடிதத்தோடு தலைவர் அறைக்குப் போனார். அவராக அந்த அறைக்குள் போனது அன்றுதான். தலைவர் நிமிர்ந்து பார்த்து, டீ எங்கே என்று தேடினார்.

"ஐயா, இது என் வீட்டுக்குத்தான் போகுது. நானே கையில கொண்டு போயிடறேனே. அந்தப் பொண்ணு தனியா இருக்கும்போது தபால்ல வந்து…"

தலைவர் அன்பாகச் சிரித்தார். "கையில கொடுத்தா அது சும்மா ஒரு தகவல், பூனையாரே. தபால்ல போய்ச் சேர்ந்தாத்தான் கடிதம். உங்க பையனுக்கு வர்ற மரியாதையை நாமளே குறைக்கலாமா? பதிவுத் தபாலா அனுப்புங்க."

பூனையார் தன் மேசைக்கு வந்தார். கடிதத்தை மூன்றாக மடித்தார். மடிப்பை நகத்தால் நீவினார். உறைக்குள் வைத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் கேட்பார் யாருமில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. உறையை எடுத்துப் பைக்குள் வைக்கவும் செய்தார். வைத்த கை அங்கேயே நின்றது. ஆபீஸ் கடிதம் ஒன்றை ஒளித்து வைக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை. மீறத் தெரியாத கையிலிருந்துதானே மகனும் கற்றுக்கொண்டிருக்கிறான்.

உறையை வெளியே எடுத்தார். பசையைத் தடவினார். ஒரு தடவை தடவினால் போதும். அவர் மேலும் மேலும் தடவினார், அவளால் எளிதில் பிரிக்க முடியாதபடிக்கு. ஓரமெல்லாம் வழிந்ததைக் கட்டைவிரலால் வழித்துவிட்டார். அழுத்திப் பிடித்துக்கொண்டு, காய்கிற வரைக்கும் காத்திருந்தார். அரக்கை உருக்கி ஊற்றி, வாரியத்தின் முத்திரையை வைத்து அமுக்கினார். கோணாமல், நடுவில், சுத்தமாக விழுந்தது.

வாசலில் தபால் வண்டிக்காரர் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். "சீக்கிரம் கொடுங்கண்ணே, நேரமாச்சு."

பூனையார் உறையைத் தபால் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார். வண்டிக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"பார்த்து இறங்குப்பா," என்றார் பூனையார். "வழுக்கும்."